எந்தப் பலகை? 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற எவருக்கும் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். துறைமுகமும் போட், அதில் கட்டி நிற்கிற வள்ளமும் போட், கடை வாசலில் தொங்குகிற பெயர்ப்பலகையும் போட். எங்கள் வாயில் மூன்றுக்கும் ஒரே ஓசை. ஆங்கிலத்திலோ மூன்றும் வெவ்வேறு சொற்கள்.

இங்கே நான் எழுதப்போவது மூன்றாவதைப் பற்றி. எழுத்துக்கூட்டினால் பி-ஓ-ஏ-ஆர்-டி. பல வருடமாகச் சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழாத பிள்ளையை நான் கண்டதில்லை. அகராதியைத் திறந்தால் பலகை, அட்டை, மேசை, சாப்பாடு, சபை, கப்பலில் ஏறுதல், தங்கிப் படித்தல் என்று பொருள்கள் வரிசையாக வருகின்றன. பிள்ளைகள் அதை அப்படியே பாடமாக்குகிறார்கள். சோதனை முடிந்த மறுநாள் எல்லாம் மறந்து போகிறது.

பாடமாக்கத் தேவையே இல்லை. இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது ஒரு மரப்பலகை மட்டுந்தான். எந்த வசனத்தில் இதைக் கண்டாலும் "இது எந்தப் பலகை?" என்று கேளுங்கள். மற்றப் பொருள்கள் தாமாக வந்து நிற்கும். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுவதற்கான படிகள்தான் கீழே இருப்பவை.

முதற்படி: காதைத் திருத்துங்கள்

பொருளுக்குப் போகமுன் ஓசை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு துறைமுகம் என்ற பொருளுள்ள 'போர்ட்'டைச் சொல்லுங்கள். கையில் காற்று வந்து மோத வேண்டும். அடுத்து பலகை என்ற 'போர்ட்'டைச் சொல்லுங்கள். இப்போது காற்று மோதக்கூடாது. 'கம்பம்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற 'ப' இருக்கிறதே, அந்த ஓசையை முதலிலேயே கொண்டுவர வேண்டும்.

முடிவிலும் வேறுபாடு உண்டு. வள்ளம் என்ற 'போட்' முடிவது 'பட்டு' என்பதில் வருகிற வல்லோசையில். பலகை என்ற 'போர்ட்' முடிவது 'வண்டி' என்பதில் வருகிற மெல்லிய 'ட'வில். உயிரோசையும் ஒன்றல்ல. வள்ளத்தைச் சொல்லும்போது 'ஓ'வில் தொடங்கி 'உ' பக்கம் வழுக்கிப் போகும். பலகையைச் சொல்லும்போது 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் இடையில் நின்று, வழுக்காமல் நீளும். நடுவிலுள்ள 'ஆர்' எழுத்தைப் பிரித்தானியர் உச்சரிப்பதில்லை, நாங்களும் உச்சரிப்பதில்லை. அமெரிக்கர் உச்சரிப்பார்கள். இரண்டும் சரி.

வகுப்பில் முதல் பத்து நிமிடம் இதற்குத்தான். கையை வாய்க்கு முன்னால் பிடித்து முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு எழும். ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறகு துறைமுகத்தையும் பலகையையும் குழப்புவதில்லை.

இரண்டாம் படி: கப்பலின் பலகை

எங்கள் ஊரில் இருப்பவர்கள் இந்தச் சொல்லை இங்கிருந்து தொடங்குவதே நல்லது. பழைய ஆங்கிலத்தில் மரப்பலகைக்கும் கப்பலின் பக்கத்துக்கும் ஒரே சொல். தொடக்கத்தில் இவை இரண்டு தனிச்சொற்களாக இருந்து பிறகு கலந்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர் கருதுவதுண்டு. படிக்கிறவருக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. கப்பலின் பக்கம் என்பதே பலகை அடித்த சுவர்தானே.

எங்கள் ஊரின் பெயரையே சுமக்கும் ஒரு கப்பல் இதற்கு நல்ல சாட்சி. பிரித்தானியக் கடற்படையின் 'ட்ரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் பம்பாயில் தேக்குப் பலகையால் கட்டப்பட்டு 1817 இல் கடலில் இறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் படத்தைப் பாருங்கள். பக்கம் முழுக்கப் பலகை. அந்தப் பலகைச் சுவருக்கு உள்ளே இருந்தால் நீங்கள் 'ஆன் போர்ட்'. சுவரைத் தாண்டி வெளியே விழுந்தால் 'ஓவர்போர்ட்'. கடலில் ஆள் விழுந்தால் மாலுமிகள் போடும் சத்தம் 'மேன் ஓவர்போர்ட்!'.

இதிலிருந்துதான் 'கோ ஓவர்போர்ட்' என்ற வழக்கு வந்தது. அளவுக்கு மிஞ்சிப் போதல் என்று பொருள். பிறந்தநாளுக்கு ஒரு கேக் போதும் என்ற இடத்தில் மண்டபம் எடுத்து, பந்தல் போட்டு, பாண்ட் வாத்தியம் பிடித்தால் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். 'கோ பை த போர்ட்' வேறு. புயலில் பாய்மரம் முறிந்து கப்பலின் பக்கமாகச் சரிந்து கடலோடு போவதுதான் அதன் பழைய படம். இன்று கைவிடப்பட்ட திட்டம், காற்றில் பறந்த வாக்குறுதி போன்றவற்றுக்குச் சொல்கிறார்கள்.

இந்தப் படியில் எனக்கே ஆசிரியராக அமைந்தவர் திருக்கடலூரில் மீன்பிடித் தொழில் செய்யும் ஒரு அண்ணை. மகனைக் கூப்பிட வந்தவர் வாசலில் நின்று பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'போர்ட்' என்றால் கப்பலின் பக்கம் என்று நான் சொன்னதும், "அப்ப சேர், எங்கட அவுட்போட் மெசினும் இதுதானே?" என்றார். எனக்கு அதுவரை தோன்றாத உதாரணம். ஃபைபர் வள்ளத்தின் பின்புறத்தில், பலகைக்கு வெளியே தொங்குகிற எஞ்சின் அது. வெளியே என்பது 'அவுட்', பக்கப் பலகை என்பது 'போர்ட்'. பல நாள் தங்கித் தொழில் செய்யும் பெரிய படகுகளில் எஞ்சின் உள்ளே இருப்பதால் அது 'இன்போர்ட்'. தினமும் வாயில் புழங்குகிற சொல்லுக்குள் பாடம் முழுவதும் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை அந்த மெசினில்தான் தொடங்குகிறேன். இன்றைய வள்ளத்தில் பலகை இல்லை, ஃபைபர்தான். சொல்லில் மட்டும் பலகை மிஞ்சியிருக்கிறது.

'ஸ்டார்போர்ட்' என்ற சொல்லில் நட்சத்திரம் எதுவும் கிடையாது. முற்காலக் கப்பல்களில் சுக்கான் நடுவில் இருக்கவில்லை. வலப்பக்கத்தில் ஒரு பெரிய துடுப்பைக் கட்டித்தான் கப்பலைத் திருப்பினார்கள். திருப்புகிற பக்கம் என்ற பொருளில் 'ஸ்டியர்' என்பதும் 'போர்ட்' என்பதும் சேர்ந்து இந்தச் சொல் உண்டாயிற்று. முன்னோக்கி நிற்பவருக்கு வலப்பக்கம் அது. இடப்பக்கத்தை 'லார்போர்ட்' என்றார்கள். காற்று இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டதால், 1844 இல் பிரித்தானியக் கடற்படை அதைக் கைவிட்டு, 'போர்ட்' என்று சொல்லும்படி உத்தரவிட்டது. இது பலகை அல்ல, துறைமுகம். வலப்பக்கம் சுக்கான் துடுப்பு இருந்ததால் இடப்பக்கத்தைத்தான் கரையில் அணைத்துக் கட்டினார்கள். அந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளம் வைத்திருந்த எங்கள் துறைமுகத்தில் அந்தச் சொல் எத்தனை ஆயிரம் தடவை ஒலித்திருக்கும்! இரவில் கரையில் நின்று பாருங்கள். கப்பலின் வலப்பக்க விளக்கு பச்சை, இடப்பக்க விளக்கு சிவப்பு.

வர்த்தகப் பிரிவில் படிக்கிறவர்களுக்கு ஒன்று. எஃப்.ஓ.பி. என்பதன் விரிவு 'ஃப்ரீ ஆன் போர்ட்'. 'ஃப்ரீ' என்றதும் இலவசம் என்று எழுதிவிடாதீர்கள். பொருள் கப்பலில் ஏறும்வரை செலவும் பொறுப்பும் விற்பவருடையவை. ஏறிய பிறகு வாங்குபவருடையவை. முன்பெல்லாம் கப்பலின் விளிம்பைப் பொருள் தாண்டுகிற கணத்தில் பொறுப்பு மாறியது. 2010 ஆம் ஆண்டின் சர்வதேச வணிக விதிகள் அதை மாற்றி, பொருள் கப்பலுக்குள் வைக்கப்பட்டபின் என்று ஆக்கின.

மூன்றாம் படி: சாப்பாட்டுப் பலகை

கால் வைத்த பலகை மேசை. மேசையில் வருவது சாப்பாடு. அதனால் நாளாந்தச் சாப்பாட்டுக்கும் ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று பெயர் வந்தது. இந்தப் பொருளைத்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். இதனால்தான் அதிகம் நட்டமும் படுகிறார்கள்.

என்னிடம் படித்த ஒரு தம்பி உப்புவெளியில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் வாரமே ஒரு வெளிநாட்டுப் பெண்மணி வந்து 'ஹாஃப் போர்ட்' இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அரைப் பலகையா என்று யோசித்தவன், வாசலில் பாதி அழிந்து கிடந்த பெயர்ப்பலகையைச் சொல்கிறார் என்று எண்ணி, அடுத்த கிழமை புதிது மாட்டுவோம் என்று பதில் சொல்லியிருக்கிறான். அவர் பேசாமல் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்விட்டார். அன்றிரவே என்னிடம் வந்து, "சேர், நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இந்த வழிகாட்டியை எழுதவைத்தது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இதை மனதில் இருத்துங்கள். 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்றால் அறையும் காலைச் சாப்பாடும். 'ஹாஃப் போர்ட்' என்றால் அதோடு இன்னொரு நேரச் சாப்பாடு, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. 'ஃபுல் போர்ட்' என்றால் மூன்று நேரமும். புறாமலைத் தீவுக்குப் போய் மத்தியானம் கடலில் நிற்கப்போகிறவர்களுக்கு 'ஹாஃப் போர்ட்'தான் பொருந்தும் என்று நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

இனி 'போடிங்'. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படிக்கிற பிள்ளையைக் கேட்டால் "போடிங்கில நிக்கிறன்" என்று சொல்லும். வாடகை அறை என்பதே இங்கே அதன் பொருள். சாப்பாடு பெரும்பாலும் கடையில்தான், அல்லது வீட்டுக்கார அன்ரி மனம் வைத்தால். இலங்கைக்குள் இந்த வழக்கில் பிழையில்லை. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்து, அதில் 'ரூம் அண்ட் போர்ட்' என்று ஒரு தொகை போட்டிருந்தால், அது அறையும் சாப்பாடும் சேர்ந்த கணக்கு. பிரித்தானியர் 'போர்ட் அண்ட் லாட்ஜிங்' என்பார்கள். 'லாட்ஜிங்' என்று மட்டும் இருந்தால் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு வைக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சரியாக வாசிக்காமல், வருடச் செலவைப் பிழையாகக் கணக்குப் பார்த்த குடும்பம் எனக்குத் தெரியும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

'போர்டிங் ஸ்கூல்' என்பது தங்கவைத்துச் சாப்பாடும் போடும் பாடசாலை. அங்கே தங்கும் பிள்ளை 'போர்டர்'.

நான்காம் படி: சபையின் பலகை

மேசையைச் சுற்றிச் சிலர் இருந்து முடிவெடுக்கிறார்கள். நாளடைவில் அந்த மேசையின் பெயர் அவர்களுக்கே ஆகிவிட்டது. 'போர்ட் ஆஃப் டிரெக்டர்ஸ்' என்றால் பணிப்பாளர் சபை.

தமிழருக்கு இது புதிய கற்பனையே அல்ல. மதுரையில் சங்கப்பலகை ஒன்று இருந்ததாகவும், தகுதியுள்ள புலவர்களுக்கு மட்டும் அது இடம் கொடுத்ததாகவும் நாங்கள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். பலகையில் இடம் கிடைத்தால் சபையில் இடம் கிடைத்தது. ஆங்கிலேயரும் அதே பலகையில்தான் சபையை இருத்தினார்கள். இந்தக் கதையைச் சொன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்தப் பொருள் மறக்காது.

மொழிபெயர்ப்பில் ஒரு கவனம் வேண்டும். இலங்கையில் இந்தப் பொருளுக்குச் 'சபை' என்கிறோம், தமிழ்நாட்டில் 'வாரியம்'. அங்கே மின்சார வாரியம், இங்கே மின்சார சபை. ஆனால் தமிழில் சபை என்று வருவதெல்லாம் ஆங்கிலத்தில் 'போர்ட்' ஆகாது. நகர சபையும் மாகாண சபையும் 'கவுன்சில்'. ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 'அசெம்பிளி'. துறைமுகங்கள் அதிகார சபை 'அதோரிட்டி'. கடிதம் எழுதும்போது அந்த நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரைப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

ஊர் நினைவில் ஒரு 'போர்ட்' நிலைத்துவிட்டது. 1958 இல் பஸ் சேவை அரசுடைமையானபோது உருவானது இலங்கைப் போக்குவரத்துச் சபை. அதன் ஆங்கில எழுத்துச் சுருக்கம் சி.ரி.பி.; கடைசியில் நிற்கிற 'பி' எங்கள் பலகைதான். பிறகு பெயர்கள் எத்தனையோ மாறின. பஸ் நிலையத்தில் வயதானவர்கள் இப்போதும் கேட்பது "சி.ரி.பி. எத்தனை மணிக்கு?" என்றுதான்.

ஐந்தாம் படி: தொங்குவதும் ஒட்டுவதும்

இது எளிது. கரும்பலகை, அறிவித்தல் பலகை, பெயர்ப்பலகை, கரம் போட், சதுரங்கப் பலகை என்று தமிழிலும் பலகையாகவே இருக்கின்றன. கடுதாசிக்கும் நீளும்: கடையில் பெட்டி செய்கிற 'கார்ட்போர்ட்'.

இரண்டை மட்டும் நிறுத்திப் பாருங்கள். 'டாஷ்போர்ட்' குதிரை வண்டிக் காலத்தது. குதிரைக் காலடியிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமல் முன்னால் அடித்த பலகை அது. அங்கிருந்து மோட்டார் வாகனத்துக்கு வந்து, இப்போது கணினித் திரையிலும் அதே பெயரோடு இருக்கிறது. மற்றது அலுமாரியைக் குறிக்கும் 'கபட்'. கோப்பைகளை அடுக்கி வைத்த பலகையே தொடக்கம். எழுத்தைப் பார்த்து 'கப்-போர்ட்' என்று வாசிக்கிற பிள்ளைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் அம்மம்மா சொல்கிற 'கபட்'தான் சரியான உச்சரிப்பு.

ஆறாம் படி: பக்கத்தில் நிற்கிற சின்னச் சொல்லைப் பாருங்கள்

'ஆன் போர்ட்' என்பதற்கும் 'ஆன் த போர்ட்' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன 'த'. அது பொருளையே மாற்றிவிடும். 'ஷீ இஸ் ஆன் போர்ட்' என்றால் அவர் கப்பலிலோ விமானத்திலோ இருக்கிறார், அல்லது எங்கள் யோசனைக்கு உடன்பட்டுவிட்டார். 'ஷீ இஸ் ஆன் த போர்ட்' என்றால் அவர் அந்தச் சபையின் உறுப்பினர். எழுத்து ஒன்று 'ஆன் த போர்ட்' என்றால் அது கரும்பலகையில் இருக்கிறது. 'டேக் ஆன் போர்ட்' என்பது ஒரு கருத்தை ஏற்றுக்கொள்வது. சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொள்வதுபோல.

வினையாக வரும்போது பக்கத்தில் ஒன்றும் வேண்டாம். 'போர்ட் த பஸ்' என்பதே முழுமை. தமிழில் 'பஸ்ஸில் ஏறு' என்று 'இல்' போடுகிற பழக்கத்தில் 'போர்ட் இன்டு த பஸ்' என்று எழுதுகிறோம். அது பிழை. கப்பல், ரயில், விமானம், பஸ் ஆகியவற்றுக்கு இந்த வினை பொருந்தும். காருக்கும் ஓட்டோவுக்கும் பொருந்தாது; அவற்றுக்கு 'கெட் இன்' போதும். 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போனவர்கள் ஏறிய 'பாதை' இருக்கிறதே, அதில் ஏறுவதை இந்த வினையால் தாராளமாகச் சொல்லலாம். ஆட்களும் வாகனங்களும் ஏறுகிற மிதவை அது.

'போர்ட் அப்' என்றால் பலகை அடித்து மூடுதல். 2020 டிசம்பரில் புரேவி புயல் எங்கள் மாவட்டக் கரையைத் தொட்டது. அப்படியொரு புயலுக்கு முன் யன்னல்களுக்குப் பலகை அடித்தால், 'தே போர்டட் அப் த வின்டோஸ்'.

ஏழாம் படி: இரண்டு மரபுத்தொடர்

'அபவ் போர்ட்': சீட்டு விளையாடுகிறவர் கையை மேசைக்கு மேலே வைத்திருந்தால் மறைக்க ஒன்றுமில்லை. ஒளிவுமறைவற்ற நேர்மை என்று பொருள். 'அக்ராஸ் த போர்ட்': எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவில். குதிரைப் பந்தயத்தில் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் மூன்றுக்கும் ஒரே தொகை கட்டுவதிலிருந்து வந்தது. சம்பள உயர்வுச் செய்திகளில் அடிக்கடி காண்பீர்கள்.

எட்டாம் படி: அயலவர்களை அடையாளம் காணுங்கள்

சலிப்பைக் குறிக்கும் 'போர்ட்' ஓசையில் இதேதான். எழுத்து வேறு: பி-ஓ-ஆர்-ஈ-டி. 'ஐ ஆம் போர்ட்' என்பதைப் பலகையின் எழுத்தில் எழுதினால் 'நான் பலகை' என்றாகிவிடும். எல்லை என்ற 'போர்டர்' வேறு, விடுதிப் பிள்ளை 'போர்டர்' வேறு. எல்லையில் 'ஏ' எழுத்து இல்லை.

எல்லாவற்றிலும் நான் அதிகம் சிவப்புக் கோடு போட்டது 'அபோர்ட்' என்பதற்கும் 'அப்ரோட்' என்பதற்கும். முதலாவது கப்பலில், இரண்டாவது வெளிநாட்டில். எழுத்தில் 'ஆர்' மட்டும் இடம் மாறுகிறது. வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு எங்கள் பக்கம் அருமை. ஆகையால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வசனம் தேவைப்படுகிறது. ஒரு பிள்ளை தன் மாமாவைப் பற்றிய கட்டுரையில் அவர் பத்து வருடமாகக் கப்பலில் வசிக்கிறார் என்று எழுதியிருந்தது. அவர் கனடாவில் இருக்கிறார். 'அப்ரோட்' என்பதன் எழுத்துக்குள் தெரு என்ற 'ரோட்' கிடக்கிறதே, தெருவால் தூரம் போனவர் என்று நினைத்துக்கொள் என்றேன். சொல்லின் பிறப்பு வழியிலும் உச்சரிப்பிலும் அது சரியல்லவென்றாலும், நினைவில் நிற்கும் வழி அது. 'ஆர்' எங்கே வரவேண்டும் என்று அந்தப் பிள்ளை பிறகு தடுமாறவில்லை.

இப்போது ஒரு பயிற்சி. கீழே உள்ளவற்றை உரக்க வாசித்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பலகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'ஃபுல் போர்ட்'. 'ஹீ ஜாயின்ட் த போர்ட் இன் மே'. 'வீ போர்டட் அட் நைட்'. 'த அவுட்போர்ட் வோன்ட் ஸ்டார்ட்'. 'இட்ஸ் ஆன் த போர்ட், காப்பி இட் டவுன்'.

முதலாவது சாப்பாட்டு மேசை. இரண்டாவது சபை. மூன்றாவது ஏறுதல், கொழும்புக்குப் போகும் இரவு ரயில் என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவது திருக்கடலூர் அண்ணையின் மெசின். ஐந்தாவது, வகுப்பில் என் முதுகுக்குப் பின்னால் இருப்பது.